நாளைக்குக் கூடை

தட்டுமேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் சேர்ந்து என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். ஜுலேகா போனில் பேசி அனுப்பியிருந்தாள். "கொளஞ்சியக்கா, புதுப் பொண்ணுங்க கேக்குதுங்க. படிக்கறதுக்கு என்னா புக்கு நல்லது, போன்ல கத்துக்கறதுக்கு என்னா ஆப்பு நல்லது, டிவியில உருப்படியா என்னா வருது, நீ பாத்தத சொல்லணுமாம்." கேள்வி உங்களுடையது, குரல் அவளுடையது. கடைசியில் தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். "எல்லாத்தையும் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளாதக்கா. ரெண்டு மூணாச்சும் நல்லதுன்னு சொல்லு."

நான் பேசி அனுப்பப் போவதில்லை. எழுதித் தருகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான். நாலு வரி எழுதுவதற்குள் பக்கத்தில் வைத்த காபி ஆறிவிடுகிறது. ஆனாலும் பேசியதைப் பிறகு மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம், எழுதியதை முடியாது. பேசியதை மாற்றிச் சொல்லிக்கொண்டு நான் சில வருடம் இருந்திருக்கிறேன். அதனால்தான் எழுத்து. ஜுலேகா பக்கங்களைப் போட்டோ எடுத்து உங்கள் குரூப்பில் போடுவாள். அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் கூடைகளைப் பற்றிச் சொல்கிறேன். அது இல்லாமல் மற்றது விளங்காது.

சூளையில் வெந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை மரக்குச்சியால் தட்டி, சத்தத்தைக் கேட்டுப் பிரிப்பது நம் வேலை. கணீரென்றால் நல்லது. டொக்கென்றால் உள்ளே விரிசல், அது ஒடசல். இதை உங்களுக்கு வந்த அன்றே காட்டியிருப்பார்கள். மேசைக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கூடை இருக்கிறதே, விளிம்பு பிய்ந்த மூங்கில் கூடை, அது வந்த கதையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் மேசைக்கு வந்த முதல் வருடம் இரண்டே கூடைதான். ஒருநாள் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மேனேஜர் என் தலைமேல் நின்றுகொண்டு, "என்னாம்மா, தட்டறியா தாலாட்டறியா?" என்று கத்தினார். கட்டைகள் எல்லாம் இளஞ்சூடாக இருந்தன. தட்டினேன். எல்லாமே கணீர் கணீரென்றன. எனக்கே சந்தோஷம், இவ்வளவு நல்ல சூளை இதுவரை வந்ததில்லையே என்று. நல்லது, நல்லது என்று முழுவதையும் ஏற்றி அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டியைப் பிரித்தால் மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது, ஒன்றிலல்ல, பெட்டிக்குப் பெட்டி.

மறுநாள் ஆளாளுக்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். ஒரே ஒருத்தர்தான் திட்டவில்லை. சூளையில் எரிப்பு பார்க்கிறவர். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் சூளைக்காரர்தான். சாக்கில் சுற்றி ஒரு கட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தட்டு."

தட்டினேன். கோயில் மணி மாதிரிக் கேட்டது.

"நல்லதா?"

"நல்லதுங்க."

"அப்ப இங்கயே வச்சிட்டு வூட்டுக்குப் போ."

மறுநாள் காலையில் வந்து தட்டச் சொன்னார். டொக்கென்றது. "சூட்டோட இருக்கறப்ப எல்லாம் நல்லாத்தான் பேசும். ஆறுனப்பறம்தான் நெசத்த சொல்லும். சந்தேகம்னா நாளைக்குன்னு சொல்லிட்டுப் போயேன், யாரு உன்னைத் தூக்குல போடப் போறா?" என்று சொல்லிவிட்டு, சூளையடியில் கிடந்த பிய்ந்த கூடையை எடுத்துவந்து மேசைக்குக் கீழே தள்ளினார். ஒரு கண்டிப்பும் வைத்தார். அதில் போட்டதை மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தட்டிவிட வேண்டும். இரண்டாவது இரவு அதில் ஒன்றும் தங்கக் கூடாது. "தங்குச்சுன்னா உனக்குச் சந்தேகம் இல்ல, பயம்னு அர்த்தம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் மேசையில் இருந்தவரை என் கையால் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது எனக்கு?

அந்தக் கூடை மேசையை விட்டு எங்கள் பேச்சுக்குள் ஏறிக்கொண்டது. புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தால், "அக்கா, நல்லதா, ஒடசலா, நாளைக்கா?" என்பார்கள். ஜுலேகா மங்கலம்பேட்டையிலிருந்து வேலைக்கு வர ஆரம்பித்த வருடம், அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டிக் கேட்டாள். துபாயில் வேலை, போட்டோவில் கறுப்புக் கண்ணாடி. நான் நாளைக்கு என்றேன். அவள் கேட்கவில்லை, கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். "நீ சொன்னது அப்பிடியே பலிச்சிடுச்சுக்கா. எப்ப எப்ப வரீங்கன்னு போன் பண்ணாலும் நாளைக்கு, நாளைக்குங்கறாரு." அவள் சிரிக்கும்போது நாமும் சிரிக்க வேண்டும். அவள் சிரிக்காதபோது அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

சரி, கேட்டதற்கு வருகிறேன்.

நல்லது என்று நான் முழு மனதோடு சொல்வது பேசும் பேனாவை. புத்தகத்தில் எழுத்தின் மேல் அதன் மூக்கை வைத்தால் அந்த எழுத்தைச் சொல்லும். படத்தின் மேல் வைத்தால் அதன் பெயரைச் சொல்லும். குழந்தைகளுக்குச் செய்த சாமான்தான். நான் அதுவரை என் பெயரைக் கோலம் போடுவது போல வரைந்துகொண்டிருந்தேன், எந்தக் கோடு எந்தச் சத்தம் என்று தெரியாமல். ஒரே எழுத்தை நாற்பது தடவை தொட்டாலும் அது சலித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவில்லை, "இதுகூடத் தெரியலியா" என்று கேட்கவில்லை. வாத்தியாருக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தால் நான் இரண்டாம் வகுப்பில் நின்றிருக்க மாட்டேன். நாலு மாதம் கழித்து நானாக வாசித்த முதல் வார்த்தை, இருபத்தைந்து வருடமாக என் காலடியில் கிடந்த கூடையில் சாக்பீஸால் எழுதியிருந்தது. ஒடசல். வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தப் பேனா எழுதக் கற்றுத்தராது. அதற்குச் சிலேட்டு வாங்குங்கள். இன்னும் அதற்குச் சமமாக ஒன்று வரவில்லை.

போனில் படம் பிடித்தால் எழுத்தை வாசித்துக் காட்டுகிற ஆப்பும் நல்லதுதான். பஸ்ஸு போர்டு, ரேஷன் கடை நோட்டீஸ், எல்லாம் வாசிக்கும். அச்செழுத்தாக இருக்க வேண்டும், வெளிச்சம் இருக்க வேண்டும். டாக்டர் கையால் எழுதிய சீட்டை அதனிடம் காட்டாதீர்கள். எனக்கு எழுதியிருந்த முட்டிவலி மாத்திரையை அது "முருங்கை மாதா" என்று வாசித்தது.

டிவியிலும் யூடியூபிலும், ஒரு சாமானை எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டுவதைப் பாருங்கள். கண்ணாடி ஊதுவது, மணி வார்ப்பது, கடிகாரம் பூட்டுவது. ஆனால் எதைப் பார்த்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அதில் ஒன்றாவது உடைகிறதா? ஒன்றாவது கோணலாகப் போய், அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாரா? அப்படியானால் அவர் தெரிந்தவர். எதுவுமே உடையாமல் எல்லாம் அழகாக வந்துகொண்டே இருந்தால், அவர் சாமான் செய்கிறவர் இல்லை, படம் எடுக்கிறவர்.

புத்தகம் என்றால், புத்தகக் கண்காட்சியில் குழந்தைகள் வரிசையில் எனக்கு ஒன்று கிடைத்தது. மண்ணைப் பற்றியது, பெரிய எழுத்து. மழை பெய்தால் களிமண் ஏன் வழுக்குகிறது, மணல் ஏன் வழுக்குவதில்லை என்று படம் போட்டிருக்கும். முப்பது வருடம் களிமண்ணில் வேலை செய்தவளுக்கு அது ஏன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குழந்தைப் புத்தகம் என்று கூச்சப்படாதீர்கள். பெரியவர்களுக்கு எழுதுகிறவர்கள், நமக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

பிள்ளைகளுக்கான கணக்கு விளையாட்டு ஆப்புகள் நாளைக்கு. சரியாகப் போட்டாலும் கை தட்டுகிறது, தப்பாகப் போட்டாலும் "பரவாயில்லை" என்று கை தட்டுகிறது. எதற்கும் ஒரே சத்தம் போடுகிற சாமானை வைத்துக்கொண்டு என்ன பிரிப்பது?

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் கேட்டது இதைத்தான். ஆனால் ஒருத்தர் ஒன்றை நல்லது என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதிய எதற்கும் அர்த்தமில்லை.

அந்தப் பேனாவை எனக்கு விற்றவரைப் பேனாத்தம்பி என்று கூப்பிடுவோம். வெளியூர்க்காரர், நம் தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக மதியச் சாப்பாட்டு வேளைக்கு வருவார். நான் வாசிக்கக் கற்றுக்கொண்டதை அறிந்து என்னை உட்காரவைத்துப் போனில் படம் பிடித்தார். "இந்தப் பேனா எனக்குக் கண்ணத் தொறந்துச்சு" என்று நான் சொன்னேன். பொய்யில்லை, மனசாரத்தான் சொன்னேன். அது போன் போனாகப் போயிற்று. பாலக்கரையில் பஸ்ஸு ஏறும்போது முன்பின் தெரியாத ஒருத்தி, "நீங்க பேனாம்மாதான?" என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தாள். எனக்கு அதுவரை யாரும் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்ததில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வீடு வரைக்கும் தலையை நிமிர்த்தியே வந்தேன்.

அமலி அப்போது என் பக்கத்து இடத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு உங்கள் மேசையில் ஜன்னலோரம் உட்காருகிறாளே, அதே அமலிதான். நல்லூர்ப் பக்கம் ஊர், பன்னிரண்டாவது பாஸ், கட்டிக்கொடுத்து ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து மாதா கோயிலில் கொடுத்த மிட்டாயைத் திங்கட்கிழமை எங்களுக்கும் எடுத்துவருவாள். காது எனக்குச் சமமான காது. இதையும் அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு ஓர் ஆசை. சூளைப் பொறுப்பு. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எப்போது திறப்பது என்று முடிவு செய்கிற வேலை. நம் கம்பெனியில் அந்த நாற்காலியில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. செராமிக் டிப்ளமா இருந்தால் அமலிக்கே தருவதாக மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இவர் லாரி நின்ற காலத்து மேனேஜர் இல்லை, பிறகு வந்தவர், நல்ல மாதிரி. அவள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். வேலைக்குப் போகிறவர்களுக்கான மதிய வகுப்பில் இடமும் வந்துவிட்டது. வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். திங்கட்கிழமை மாலைக்குள் மேனேஜர் கையெழுத்தோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் பேனாத்தம்பி வந்தார். இந்தத் தடவை பேனா இல்லை. போனிலேயே செராமிக் படிப்பு. எல்லாம் வீடியோ, எல்லாம் தமிழ், ஆறே மாதம், வீட்டில் சமைத்துக்கொண்டே படிக்கலாம், சர்டிபிகேட்டு உண்டு. "டிப்ளமாவுக்குச் சமம்ங்க" என்றார். பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைக்கூட மூடாமல் சுற்றி நின்றார்கள். அவர் என்னைப் பார்த்து, "எங்க பேனாம்மா ரெண்டு நாளு பாத்துட்டு சொல்லட்டும். அவங்க நல்லதுன்னா நல்லது" என்று என் போனில் அதை ஏற்றிக் கொடுத்தார்.

அமலிக்கு மனசு ஆடிவிட்டது. ஆடாதா? மதிய வகுப்புக்குப் போனால் குழந்தையை யார் கூப்பிட்டுவருவது, மாமியார் என்ன சொல்வாள் என்று ஏற்கெனவே வீட்டில் சண்டை. போனிலேயே படிக்கலாம் என்றால் எல்லாம் தீர்ந்தது. "அக்கா, நீங்க பாத்துட்டு சொல்லுங்க. அத வச்சித்தான் முடிவு பண்ணுவேன்" என்றாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து, போன் வயரைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். முதல் வீடியோவில் ஒருவர் களிமண் வகையைச் சொன்னார், சரிதான். இரண்டாவதில் அச்சு. எல்லாம் ஒரு தடவைக்கே அழகாக வந்தது. ஒன்றுகூட ஒட்டவில்லை, கிழியவில்லை. மூன்றாவதில் சூளையைத் திறந்து, ஆவி பறக்கிற கட்டையை இடுக்கியால் எடுத்து மேசையில் வைத்து, அப்படியே தட்டிக் காட்டினார். கணீரென்றது. "பார்த்தீர்களா, இதுதான் தரமான பீங்கான்" என்றார்.

நான் அதை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். திரும்பவும் சூட்டோடு தட்டினார். திரும்பவும் தரமானது என்றார்.

முதல் வருடம் லாரியில் ஏற்றி அனுப்பின எனக்குத் தெரியாததா? அந்த ஆள் ஒருநாள்கூடச் சூளைப் பக்கம் நின்றவர் இல்லை. அதற்கு மேல் பார்க்கவே வேண்டியதில்லை. போனை அணைத்து வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை. மணி மூன்றரை இருக்கும். அமலி கையில் கல்லூரி பாரம். நாலு மணிக்கு மேனேஜர் கிளம்பிவிடுவார். மேசையில் எல்லோரும் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"என்னாடி அமலி, டிப்ளமா வாங்கிட்டு வந்து எங்களையெல்லாம் சூளைக்குள்ள போடப் போறியா?" என்றாள் ஜுலேகா.

"உன்னைப் போட்டா சூளை வெடிச்சிடும்டி. வாயி அப்பிடி."

"அக்காவக் கேளு. அக்கா, சொல்லுக்கா. இவ பிடிக்கற பிடியில பாரம் கிழிஞ்சிடும்போல."

அமலி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"காலேஜிக்குப் போவட்டுமா, போன்லயே படிக்கட்டுமா? எப்பிடிக்கா இருக்குது அது?"

இங்கே நான் நாளைக்கு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் பாரத்தில் கையெழுத்து வாங்கியிருப்பாள். போனில் படிப்பது எங்கே ஓடிப்போகிறது, இடம்தான் போய்விடும், அது அவளுக்கும் தெரியும். ஒடசல் என்று சொல்வதுதான் உண்மை. அதையும் சொல்லவில்லை.

"நல்லா இருக்குது. போன்லயே படி" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே, எங்கள் வழக்கப்படி கேட்டாள். "நல்லதா, நாளைக்கா?"

"நல்லது."

பாரத்தை நாலாக மடித்துத் தூக்குப் பையில் வைத்தாள். குச்சியை எடுத்து அடுத்த கட்டையைத் தட்டினாள். அவ்வளவுதான். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். பேனாத்தம்பி மேல் இருந்த நன்றி, பஸ்ஸில் கிடைத்த ஜன்னலோரம், அதெல்லாம் இருக்கிறது. அது மட்டும் என்றால் நான் தூங்கியிருப்பேன். முந்தின வாரம் மேனேஜர் பேச்சோடு பேச்சாக என்னிடம் சொல்லியிருந்தார். "அமலி முடிச்சிட்டா சூளை, மேசை ரெண்டும் அவ பொறுப்புங்கம்மா. உங்களுக்கும் சுலபம். சந்தேகம்னா அவளக் கேட்டுக்கலாம்." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு அது உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. சந்தேகம்னா அவளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான், அவளை. என் கூடையில் போட்டதை அவள் எடுத்து மறுபடி தட்டுவாள். எழுத்துக் கூட்டுகிறவள் எழுத்துக் கூட்டுகிறவளாகவே இருந்துவிடுவேன், அவள் நாற்காலிக்குப் போய்விடுவாள். இதுதான். வேறொன்றுமில்லை. சனிக்கிழமை காது கேட்டதைத் திங்கட்கிழமை வாய் மாற்றிச் சொல்லிற்று.

அமலி ஆறு மாதமும் ஒழுங்காகப் படித்தாள். மதியச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்திருப்பாள். நோட்டு நோட்டாக எழுதினாள். சில இடத்தில் நின்று, "அக்கா, இவரு சூட்டோட தட்டலாம்ங்கறாரே?" என்று கேட்டாள். "அது வேற மாதிரி பீங்கான் போல" என்றேன். பாருங்கள், ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று.

சர்டிபிகேட்டு போனுக்கே வந்தது, ஓரமெல்லாம் பூப்போட்டு. ஜுலேகா அதைக் கலரில் பிரிண்டு எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தாள். மேனேஜர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இதுல சீலு, கையெழுத்து ஒண்ணுமே இல்லியேம்மா. இத வச்சி நான் மேல எப்பிடிக் காட்டுறது?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. அந்த மாதத்திலேயே ஆப்பு திறக்காமல் போயிற்று. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பேனாத்தம்பியின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. கல்லூரியில் அவளுக்கு வயது தாண்டிவிட்டது.

சூளைப் பொறுப்புக்கு வெளியூரிலிருந்து டிப்ளமா படித்த ஒருவர் வந்தார். தன்மையானவர்தான். தினமும் மேசைக்கு வந்து, "இன்னைக்குச் சூளை எப்பிடிங்க வந்திருக்குது?" என்று அமலியிடம் கேட்டுக்கொண்டு போய் ரிஜிஸ்டரில் எழுதுவார். அவள் சொல்வாள், அவர் எழுதுவார். நீங்களும் தினம் பார்க்கிறீர்கள்.

அமலி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "பாவம்க்கா நீங்க, உங்களையும்ல ஏமாத்திட்டான்" என்றாள்.

நான், "ஆமாண்டி" என்றேன்.

ஏமாந்தவள் என்று பெயர் வாங்குவது எவ்வளவு வசதி தெரியுமா? படிக்காதவள், வெள்ளந்தி, எவனோ வந்து ஏமாற்றிவிட்டான் என்று எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். என் வாழ்நாளில் எழுத்துத் தெரியாதவள் என்று ஒருத்தர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் எனக்குக் கொதிக்கும். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்தப் பரிதாபத்தை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று வருடம்.

நான் வேலையை விட்ட அன்று சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேனேஜர் பேசினார். பிறகு அமலியைப் பேசச் சொன்னார்கள். அவளுக்குக் கூட்டத்தில் பேச வராது. காகிதத்தில் எழுதிவந்திருந்தாள். "அக்கா ஒரு பொருளை நல்லதுன்னு சொன்னா, அத யாரும் திரும்பத் தட்ட வேண்டியதில்ல" என்று வாசித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்து அவள் மேசைக்குப் போய்விட்டாள், மிச்சமிருந்ததை முடிக்க. நான் சால்வையோடு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அமலி, அவன் என்னை ஏமாத்தல."

"யாருக்கா?"

"பேனாக்காரன். அந்தப் படிப்பு ஒடசல்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நல்லதுன்னேன்."

அவள் கையில் ஒரு கட்டை இருந்தது, மறு கையில் குச்சி. இரண்டும் அப்படியே நின்றன.

"எப்பத் தெரியும்?"

"சனிக்கெழமையே."

"ஏன்க்கா?"

"நீ எனக்கு மேல போயிடுவன்னு."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த கட்டையைத் தட்டினாள். கணீரென்றது. நல்லது கூடையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், தட்டினாள், வைத்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் அழுதால் கூடச் சேர்ந்து அழத் தயாராக இருந்தேன்.

"நாளைக்குப் பேசலாம்க்கா. பஸ்ஸுக்கு நேரமாவுதுல்ல உங்களுக்கு" என்றாள்.

மறுநாள் நான் போன் பண்ணினேன். மரியாதையாகத்தான் பேசினாள். சாப்பிட்டீங்களா, முட்டிவலி எப்படி இருக்குது என்று விசாரித்தாள். அந்தப் பேச்சை எடுத்தேன். "வேலையில இருக்கேன்க்கா, நாளைக்கு" என்றாள். கிறிஸ்துமஸுக்குக் கேக்கு கொடுத்தனுப்பினாள். அன்றைக்கும் கேட்டேன். நாளைக்கு. அவளுடைய மகள் பெரிய பரீட்சையில் பாசானதைச் சொல்லக் கூப்பிட்டாள். அன்றைக்கும் கேட்டேன். நாளைக்குக்கா.

ஆகவே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. பேசும் பேனா நல்லது. மண் புத்தகம் நல்லது. உடைவதைக் காட்டுகிற நிகழ்ச்சி நல்லது. ஆனால் நான் சொன்னேன் என்று எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்களே தட்டிப் பாருங்கள். விற்க வந்தவர் எழுந்து போன பிறகு, சூடு ஆறிய பிறகு தட்டுங்கள். சிபாரிசு சொல்கிறவரையும் ஒரு தட்டு தட்டுங்கள். நீங்கள் இதில் மேலே போனால் அவர் எங்கே இருப்பார் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். நாளைக்கு ஒருத்தி உங்களிடம் வந்து கேட்பாள். அப்போது உங்கள் காதுக்கும் வாய்க்கும் நடுவில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அமலியைக் கேளுங்கள். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கூடையில் போட்டது எதுவும் இரண்டாவது இரவு தங்கக் கூடாது என்று சூளைக்காரர் சொன்னதை அமலிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் அதை ஒருநாளும் மீறினவள் இல்லை. என்னை மட்டும் அதில் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. சூடெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. தட்டினால் என்ன சத்தம் வரும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் இன்னும் குச்சியை எடுக்கவில்லை.